சருகுக் குவியலுக்குக் காய்ச்சல் வந்த கதை

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பள்ளியில் மக்கவைத்திருந்த சருகுக் குவியலில் செருகிய தெர்மாமீட்டரின் முள் 58 டிகிரியில் நின்றது. வெளியே 6 டிகிரி. தார்ப்பாயைத் தூக்கியதும் ஆவி குப்பென்று எழும்பியதில், எட்டிப் பார்த்த மூன்றாம் வகுப்புப் பையனின் கண்ணாடி முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றாமலே, "இதுக்குக் காய்ச்சல் அடிக்குது" என்றான். சருகு மக்கத் தொடங்கினால் உள்ளே சூடேறும். ஆறு வாரமாக நான் காத்திருந்த காய்ச்சல் அது. அன்று மாலையே இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்க மூன்று வாரமானது. அதற்குள் குவியல் இன்னும் சில பாடங்களை நடத்திவிட்டது. அவையும் கீழே இருக்கின்றன.

எங்கள் பிள்ளைகள் படிப்பது சின்னப் பள்ளி. நான்கு ஆசிரியர்கள், 41 பிள்ளைகள், 29 குடும்பங்கள். கூரை ஒழுகினாலும் கதவு இறங்கினாலும் பெற்றோரில் யாராவது ஒருவர்தான் போய்ப் பார்ப்போம். வளாகத்தில் மூன்று மேப்பிள், இரண்டு ஓக், ஒரு பிர்ச். இலையுதிர் காலம் வந்தால் இந்த ஆறும் சேர்ந்து கொட்டுவதை வாரிச் சாக்கில் கட்டி, வண்டி வைத்து அனுப்புவது வழக்கம். போன வருடம் 63 சாக்கு. ஒவ்வொன்றும் 100 லிட்டர் கொள்ளும் பெரிய சாக்கு. கட்டியதில் பாதி நான்தான் என்பதால் எண்ணிக்கை நன்றாக நினைவிருக்கிறது.

வம்பு தொடங்கியது செப்டம்பரில் வரும் செய்தி மடலில். வழக்கமான சங்கதிகள்: கனமான மேலங்கியில் பெயர் எழுதி அனுப்பவும், மழைக்காலணி ஒரு ஜோடி பள்ளியிலேயே இருக்கட்டும், பல் பரிசோதனைக்கு ஒப்புதல் தாள் இன்னும் சிலர் தரவில்லை. கடைசிப் பக்கத்தில் நான்கு வரி இடம் மிச்சம். தலைமை ஆசிரியை என்னை எழுதச் சொன்னார். நானும் உற்சாகத்தில், "இந்த ஆண்டு சருகை வெளியே அனுப்பப் போவதில்லை. வளாகத்திலேயே மக்கவைத்து, வசந்தத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வாளி உரம் தருவோம்" என்று எழுதிவிட்டேன். அச்சாகி வந்ததும் அவர் சிரித்துக்கொண்டே, "எழுதிட்டீங்க, இனி செஞ்சுதான் ஆகணும்" என்றார். அதுவரை நான் சருகை மக்கவைத்ததே இல்லை.

முதல் கூண்டு

கோழி வலை ஒரு சுருள் வாங்கினோம். 1 மீட்டர் உயரம், 10 மீட்டர் நீளம். வட்டமாகச் சுற்றி நான்கு மரக்குச்சி நட்டால் கூண்டு ஆயிற்று என்பது என் திட்டம். எவ்வளவு வெட்டுவது என்பதை ஐந்தாம் வகுப்புக்குக் கணக்காகக் கொடுத்தார்கள். விட்டம் 1.2 மீட்டர் வேண்டுமென்றால் சுற்றளவு 3.77 மீட்டர். ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதற்கு 10 செ.மீ. சேர்த்து 3.87 மீட்டர். தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, கயிறு வைத்து அளந்து சரிபார்த்தார்கள். இந்த முழு முயற்சியிலும் முதல் தடவையிலேயே சரியாக வந்தது அந்தக் கணக்கு ஒன்றுதான்.

வலையின் வெட்டு முனைகள் ஊசி மாதிரி இருக்கும். ஒவ்வொன்றையும் குறடால் உள்பக்கமாக மடக்கினேன், முக்கால் மணி நேரம். இரு ஓரங்களையும் கட்டுக்கம்பியால் 22 இடத்தில் முறுக்கிக் கட்டினேன். உறுதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு முடிச்சையும் ஆறேழு முறுக்கு. இந்த உறுதிக்குப் பின்னால் அனுபவித்தேன்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை 'சருகு வாரும் நாள்'. எல்லாக் குடும்பமும் வந்தது. பெரியவர்களுக்கான வாரியின் கைப்பிடி 160 செ.மீ.; பிள்ளைகள் அதைத் திருப்பும்போதெல்லாம் பின்னால் நிற்பவர் தலைக்குக் குறி வைத்தார்கள். பத்தாவது நிமிடமே இரண்டு வாரியை 110 செ.மீ.க்கு அறுத்து, முனையை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தேன். அப்புறம் வேலை ஓடியது. கூண்டு நிரம்பியதும் பிள்ளைகளைத் தூக்கி உள்ளே விட்டோம். குதித்தார்கள், மிதித்தார்கள், நாங்கள் படம் எடுத்தோம். மிதிக்க மிதிக்க இன்னும் கொஞ்சம் கொட்டினோம். மாலையில் எல்லோரும் கைதட்டிவிட்டுக் கிளம்பினோம்.

இரண்டு வாரம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கே மூன்றாம் வாரம்தான் ஞாபகம் வந்தது. மட்டம் ஒரு சாண் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். வலை கர்ப்பிணி வயிறு மாதிரி ஒரு பக்கம் தள்ளியிருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. என் மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, "அப்பா, இது தூங்குதா?" என்று கேட்டாள்.

பிரிக்கலாம் என்றால் கதவு இல்லை. 22 முடிச்சையும் ஒவ்வொன்றாக வெட்டினேன். உள்ளே பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. மேலே 20 செ.மீ. கனத்துக்கு மழையில் நனைந்து, இலைகள் பழைய நோட்டுப் புத்தகத்தின் ஈரத் தாள்கள் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அந்த ஒட்டல் கூரையாகி, கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. நடுவில் இருந்தவை விழுந்த அன்றைக்கு இருந்த மாதிரியே மொறமொறவென்று இருந்தன. ஒரு பிர்ச் இலையின் மஞ்சள்கூட மங்கவில்லை.

என்னென்ன தவறு என்று அன்றே சுவரோரம் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். முழு இலையைப் போட்டது, தண்ணீர் விடாதது, பச்சை, அதாவது புல், பழத்தோல் மாதிரி நைட்ரஜன் அதிகமுள்ள பொருள் எதுவும் சேர்க்காதது, மிதித்துக் காற்றை வெளியேற்றியது. இதில் மிதித்ததுதான் பெரிய தவறு. அதுதான் அன்றைய கொண்டாட்டமும் என்பதால் சொல்லிக்காட்ட மனம் வரவில்லை.

பாலெட் பெட்டி

சரக்கு அடுக்கும் பாலெட்டுகள் மூன்று ஒரு பெற்றோர் வழியாகச் சும்மா கிடைத்தன. 120-க்கு 80 செ.மீ. அளவு. வாங்கும்முன் பக்கவாட்டில் இருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். எச்.டி. என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்திய மரம், எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சி கொல்லும் நச்சுப் புகை போட்டது. பிள்ளைகள் கைபடும் இடத்துக்கு வேண்டாம். முதலில் வந்த நான்கில் ஒன்று எம்.பி., அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். முத்திரையே இல்லாததையும் நான் எடுக்க மாட்டேன், எதில் எதைக் கொட்டி எங்கே போய் வந்ததோ.

நீளவாக்கில் படுக்க வைத்து நிறுத்தினால் உயரம் 80 செ.மீ. பின்னால் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. 1.2 × 1.2 × 0.8 என்று மனக்கணக்குப் போட்டு, 1.15 கன மீட்டர் கிடைக்கும் என்று அறிவித்தேன். திருகாணி எல்லாம் ஏற்றி முடித்தபின் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி டேப்பை உள்ளே நீட்டி, "91-தான் வருது" என்றாள். பாலெட்டின் கனம் 14 செ.மீ.க்கு மேல் என்பதை மறந்துவிட்டேன். பக்கப் பலகைகளைப் பின்பலகைக்கு முன்னால் வைத்துப் பூட்டியதில் இரண்டு பக்கமும் அது உள்ளே தின்றுவிட்டது. வெளிப்பக்கமாக வைத்துப் பூட்டியிருந்தால் அகலம் முழு 120 கிடைத்திருக்கும். ஆக, கொள்ளளவு 0.87 கன மீட்டர். சூடு பிடிக்க ஒரு கன மீட்டராவது வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கழற்றி மாட்டச் சோம்பலாக இருந்தது, அப்படியே விட்டேன். அந்தக் குறையை ஈடுகட்ட, பாலெட்டின் இடுக்குகளில் மடித்த அட்டைப்பெட்டியைச் செருகினோம். குளிர் காற்றைத் தடுக்க அது நன்றாகவே உதவியது.

இந்த முறை முன்பக்கம் கதவு. இரண்டு ஓரத்திலும் ரீப்பர் இரண்டிரண்டு அடித்து, நடுவே 3 செ.மீ. பள்ளம் விட்டு, அதில் 2 செ.மீ. கனப் பலகைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். ஐந்து பலகை. ஆணி இல்லை, முடிச்சு இல்லை. நனைந்தால் பலகை உப்பிப் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும், அதற்காகத்தான் அந்த 1 செ.மீ. இடைவெளி. இந்தப் பெட்டியில் நான் பெருமைப்படக்கூடிய வேலை இது ஒன்றுதான்.

மீந்த கோழி வலையைத் தரையில் விரித்து அதன்மேல் பெட்டியை வைத்தோம், எலி தோண்டாமல் இருக்க. மண்புழு வலைக்கண் வழியாக வந்து போகும்.

நொறுக்கும் வேலை

சருகை நொறுக்க வேண்டும் என்று முடிவானதும் முதலில் கத்தரிக்கோல் கொடுத்தோம். ஒரு வாளி நொறுக்க நாலு பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடம். அப்புறம் பெரிய பீப்பாயில் போட்டுக் கம்பால் குத்திப் பார்த்தோம். தூசிதான் மிச்சம். தும்மல் ஆரம்பித்ததும் நிறுத்தினோம். மக்கத் தொடங்கிய சருகில் பூஞ்சைத் தூள் இருக்கும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகள் இரண்டு பேரைக் கிளறும் நாட்களில் அந்தப் பக்கம் விடுவதில்லை என்று அப்போதே பேசிவைத்தோம்.

கடைசியில் கை கொடுத்தது புல்வெட்டி இயந்திரம். பள்ளி விட்ட பிறகு, பிள்ளைகள் யாரும் இல்லாத நேரத்தில், சருகை மைதானத்தில் ஒரு கை உயரத்துக்குப் பரப்பி, கத்தியை 5 செ.மீ. உயரத்தில் வைத்து இரண்டு முறை ஓட்டினேன். பின்னால் இருக்கும் பையில் எல்லாம் நொறுங்கி விழுந்தது. 20 சாக்கு சருகு ஆறரை சாக்காகச் சுருங்கியது. இரண்டு மணி நேர வேலை. காய்ந்த நாளில்தான் முடியும். முந்தின நாள் ஈரத்தோடு முயன்று வாய் அடைத்து, இயந்திரத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, குச்சியால் நோண்டி எடுத்ததுதான் மிச்சம். பரப்பியதை ஓட்டும்முன் ஒரு தடவை வாரியால் அலசிப் பார்ப்பது நல்லது. நான் அலசவில்லை. ஸ்கிப்பிங் கயிறு ஒன்று கத்தியில் சுற்றிக்கொண்டது. அதை வெட்டி எடுக்க அரை மணி. அதற்கடுத்த அலசலில் கிடைத்தவை: கையுறை மூன்று, மூன்றும் இடது கை, டென்னிஸ் பந்து ஒன்று, செப்டம்பரிலிருந்து தேடிக்கொண்டிருந்த நூலக அறைச் சாவி.

ஓக் இலையை இதில் சேர்க்கவில்லை. அது தடிப்பு, மக்க அதிக காலம் எடுக்கும். முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் பிரிக்கும் வேலையைக் கொடுத்தோம். விரல் விரித்த கை மாதிரி இருந்தால் மேப்பிள், ஓரம் அலை அலையாக இருந்தால் ஓக். இரண்டு காலைப் பொழுதில் பிரித்துவிட்டார்கள். மேப்பிள் இலைகள் சிலவற்றில் தார் சிந்தினாற்போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. 'நோய் இலை' என்று தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது ஒரு பூஞ்சைப் புள்ளி, மக்கவைப்பதற்கு ஒரு கெடுதலும் இல்லை என்று சொல்லி அவற்றையும் சேர்த்தேன்.

ஓக் சருகு முழுக்கப் பழைய வலைக் கூண்டுக்குப் போனது. அது ஒன்றிரண்டு வருடம் குளிர்ச்சியாகவே கிடந்து, பூஞ்சை மட்டும் வேலை செய்து, கறுப்பாக உதிர்ந்துவிடும். சத்து அதிகம் இராது, ஆனால் ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும். தோற்றுப்போன கூண்டுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது. இந்த முறை மூன்றே முடிச்சு போட்டுக் கட்டினேன்.

34-ல் நின்ற முதல் நிரப்பல்

நொறுக்கிய சருகைப் போட்டாயிற்று. பச்சைக்கு என்ன செய்வது? வாங்கி வாங்கிக் குடிக்கும் காபி நினைவுக்கு வந்தது. ஆசிரியர் அறையிலும் வீடுகளிலும் மூன்று வாரம் சேர்த்த காபித் தூள் சக்கை நாலு வாளி, 40 லிட்டர். பாதி நிரப்பியதும் அத்தனையையும் நடுவில் ஒரே அடுக்காகக் கொட்டி, மேலே மீதிச் சருகைப் போட்டு, நாலு பூவாளி தண்ணீர் ஊற்றி மூடினேன்.

சமையலறையில் பயன்படுத்தும் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. ஊசி 12 செ.மீ. அதைச் செருகினால் 14 டிகிரி. இரண்டு நாளும் அதே 14. சரி, இதுவும் போச்சு என்று நினைத்தேன். அப்போது எங்கள் ஆசிரியர் ஒருவர், தோட்ட வேலை செய்து பழகியவர், ஒரு இரும்புக் கம்பியை நடுவரைக்கும் செருகிவிட்டுப் போனார். பத்து நிமிடம் கழித்து உருவி முனையைத் தொடச் சொன்னார். கதகதவென்று இருந்தது. தெர்மாமீட்டர் தோலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றே 50 செ.மீ. ஊசி உள்ள மக்கு உரத் தெர்மாமீட்டர் ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன். அது வந்தபோது நான்காம் நாள்: 34. எட்டாம் நாள் 22.

திறந்தோம். காபிச் சக்கை கேக் மாதிரி இறுகி, மேலே சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்து, ஒரு தட்டாகக் கிடந்தது. தட்டுக்கு மேலே ஈரம், கீழே மறுபடியும் அந்த மொறமொறப்பு. ஒரே மாதிரியான தவறை வேறு பொருளால் செய்திருக்கிறேன். இன்னொரு சங்கதியும் வெளிப்பட்டது: மூலையில் பாதி தின்ற சீஸ் ரொட்டி. யாரோ சாப்பாட்டு டப்பாவிலிருந்து நைசாகத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். இரவில் ஏதோ ஒன்று வந்து அந்த மூலைப் பலகையைப் பிறாண்டிப் பார்த்த தடயமும் இருந்தது. அன்று பெட்டிமேல் ஒரு படம் ஒட்டினோம். பழத்தோல், காய்த்தோல், தேயிலைச் சக்கை பக்கத்தில் சிரித்த முகம். ரொட்டி, இறைச்சி, பாலாடை பக்கத்தில் அழும் முகம். வரைந்த பெண்ணின் அழும் முகம் அத்தனை உருக்கமாக அமைந்ததில், அதன் பிறகு யாருக்கும் தள்ளிவிட மனம் வரவில்லை.

58

இரண்டாவது நிரப்பல் ஒரு வியாழக்கிழமை. பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் தார்ப்பாயில் கவிழ்த்தோம். கதவுப் பலகைகளை உருவியதும் தானாகவே பாதி சரிந்து வந்தது, 22 முடிச்சை நினைத்துக்கொண்டேன். பின்பக்கத்து மைதானத்தில் செப்டம்பருக்குப் பிறகு வெட்டாமல் விட்ட புல் கணுக்கால் உயரம் நின்றது. அதை அன்று காலைதான் வெட்டினேன், இரண்டு சாக்கு. முந்தின நாள் வெட்டி வைத்திருந்தால் சாக்கிலேயே வெந்து நாறியிருக்கும். அதோடு பழத்தோல் இரண்டு வாளி, உடைத்து உதிர்த்த அதே காபிச் சக்கை.

அளவு இது: நொறுக்கிய சருகு மூன்று வாளி, பச்சை ஒரு வாளி. காபி நிறத்தில் பழுப்பாக இருந்தாலும் 'பச்சை' கணக்கில்தான் சேரும். பிள்ளைகள் இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நேரமானது. மூன்றும் ஒன்றும் தார்ப்பாயில் கொட்டி, நாலு பல் கவையால் புரட்டிக் கலந்து, பூவாளியால் நனைத்து, பிறகு பெட்டிக்குள். அடுக்கு எதுவும் கிடையாது, எல்லாம் கலவை. இப்படி 0.87 கன மீட்டரும் நிரம்ப ஒன்றரை மணி நேரம், பத்துப் பிள்ளைகள், மூன்று பெரியவர்கள்.

தண்ணீர்தான் எனக்கு ஆச்சரியம். 10 லிட்டர் பூவாளி பதினொன்று ஊற்றினோம். முதல் முறை நாலோடு நிறுத்தியது எவ்வளவு கஞ்சத்தனம் என்று அப்போதுதான் தெரிந்தது. காய்ந்த சருகு முதலில் தண்ணீரைத் தள்ளிவிடும், வாத்து இறகு மாதிரி. நனைத்து, புரட்டி, மறுபடி நனைத்தால்தான் உள்ளே இழுக்கும். சோதனை இதுதான்: கை நிறைய அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், வராவிட்டால் போதாது. கையுறை போட்டுக்கொண்டு பிழிவதில் பிள்ளைகளுக்கு அத்தனை குஷி. ஒவ்வொரு கலவைக்கும் சொட்டு எண்ணிச் சொன்னார்கள். மேலே யாரும் மிதிக்கவில்லை. தார்ப்பாயைப் போட்டு ஓரத்தில் செங்கல் வைத்தோம்.

வியாழன் மாலை 12. வெள்ளி 23. சனி, ஞாயிறு நானே போய்ப் பார்த்தேன், 41, பிறகு 49. திங்கள் 54. செவ்வாய் அந்த 58. மறுநாள் 59, அதுதான் உச்சம். வெள்ளி 55. ஆக நான்கு நாள் 55-க்குக் குறையாமல் நின்றது. நோய்க்கிருமியும் களை விதையும் பெரும்பாலும் சாக இந்தச் சூடு போதும், ஆனால் அது நடுப்பகுதிக்கு மட்டும்தான். ஓரத்தில் அதே நேரம் 20-ஐத் தாண்டவில்லை. அதனால் 13-ஆம் நாள், நடுவில் 44-க்கு இறங்கியதும், ஓரத்தை உள்ளேயும் உள்ளை வெளியேயும் தள்ளிப் புரட்டினோம். மறுபடி 51 வரை ஏறியது. புரட்டும்போது மூக்கைக் குத்தும் அம்மோனியா வாடை கொஞ்சம் வந்தது. புல் ஒரு இடத்தில் கட்டியாக நின்றுவிட்டிருந்தது. இரண்டு வாளி காய்ந்த சருகைச் சேர்த்ததும் மறுநாளே வாடை போய்விட்டது.

தினமும் காலை எட்டு மணிக்கு முன் இரண்டு பிள்ளைகள், ஐந்து நிமிடம். ஒருவர் ஊசியைச் செருகுவார், ஒருவர் எழுதுவார். நடைபாதைச் சுவரில் பழுப்புத் தாள் ஒட்டி, சிவப்பில் குவியல், நீலத்தில் வெளிக்காற்று. 58 வந்த அன்று ஒரு சின்னவள் அதை 85 என்று குறித்துவிட்டாள். வரைபடம் தாளைத் தாண்டிக் கூரைக்கு ஏறிவிட்டது என்று பெரிய வகுப்பு சிரித்தது. 70-க்கு மேல் போனால் உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்களே செத்துப்போகும் என்று ஆசிரியை சொன்னதும், அவளே அழித்துச் சரியாக எழுதினாள். அந்த அழித்த தடம் இன்னும் இருக்கிறது. வாராவாரம் வீட்டுக்குப் போகும் அறிவிப்புத் தாளிலும் 'குவியல் சூடு' என்று ஒரு கட்டம் சேர்ந்துவிட்டது. காலையில் பிள்ளைகளை விட வரும் பெற்றோர் இப்போது வணக்கத்துக்குப் பதில், "இன்னிக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். அக்டோபரில் இரண்டு வாரம் யாருமே எட்டிப் பார்க்காத அதே மூலை.

இடையில் டாஃபடில், டியூலிப் பூச்செடிகளின் கிழங்கு நடும் நாள் வந்தது. கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம், சுமார் 15 செ.மீ. குழியில் இந்த உரத்தைப் போடலாமா என்று கேட்டார்கள். பாதி மக்கியதைப் போட்டால் வேருக்குக் கெடுதல் என்று மறுத்துவிட்டேன். வெறும் மண்ணிலேயே நட்டோம்.

செலவும் நேரமும்

போன வருடம் 63 சாக்கை ஏற்றிப் போகக் கொடுத்ததை 100 என்று வைத்துக்கொள்வோம். இந்த வருடம் வாங்கிய சாமான்கள் 70. அதில் வலையும் நீளத் தெர்மாமீட்டரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி கையுறை, திருகாணி, ரீப்பர். பாலெட், அட்டை, காபி எல்லாம் சும்மா. பெட்டியும் கூண்டும் நிரம்பியும் 24 சாக்கு மிஞ்சி வண்டியில் போனது, அதற்கு 38. ஆக 108. மிச்சம் பிடித்தோம் என்று கூட்டத்தில் சொல்ல வழியில்லை. அடுத்த வருடம் சாமான் செலவு இராது, அப்போது பேசிக்கொள்கிறேன். பெரியவர்கள் உழைப்பு எல்லாம் சேர்த்து 19 மணி நேரம். அதில் முதல் கூண்டைக் கட்டியதும் பிரித்ததும் மட்டும் ஏழு.

அடுத்த முறை தெர்மாமீட்டரை முதலில் வாங்குவேன். பாலெட்டை வெளிப்பக்கமாகப் பூட்டுவேன். பக்கத்திலேயே இன்னொரு பெட்டியும் வேண்டும்; புரட்டுவது என்பது இதிலிருந்து அதற்கு மாற்றுவதாகிவிடும், தார்ப்பாயில் கொட்டி அள்ளும் பாதி வேலை மிச்சம். பின்பக்கத்துப் புல்லைச் செப்டம்பரிலிருந்தே வெட்டாமல் விட்டு வைப்பேன், இந்த முறை அது தற்செயலாக நின்றது. சருகு வாரும் நாள் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு அது வேண்டும். குதிப்பதற்கென்று தனியாக ஒரு குவியல் போட்டுவிட்டால் போகிறது.

இன்று காலை 27. நிறம் அடர்பழுப்பு, மேப்பிள் இலையின் காம்புகள் மட்டும் குச்சி குச்சியாகத் தெரிகின்றன. 80 செ.மீ. இருந்த உயரம் 52 ஆகிவிட்டது. வசந்தத்துக்குள் இன்னும் இறங்கும். 350 லிட்டர் தேறும் என்று கணக்கிட்டேன். 29 குடும்பத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு 12, ஒரு வாளிக்கு மேலேயே வருகிறது என்று சந்தோஷமாகத் தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். "சலிச்சுட்டுத்தானே தருவீங்க?" என்று கேட்டார். ஒரு வாளி எடுத்து 1 செ.மீ. கண் சல்லடையில் சலித்துப் பார்த்தேன். பாதிதான் இறங்கியது.

குளிர்கால மடலில் எனக்கு ஒரே ஒரு வரி இடம் கொடுத்திருக்கிறார்கள். "சென்ற மடலின் கடைசிப் பக்கத்தில் 'ஒரு வாளி' என்றிருப்பதை 'அரை வாளி' என்று திருத்தி வாசிக்கவும்."